மஞ்சள் வைக்காத சேலை

ஒரு சங்கதியை ஒருத்தன் ஒரு தடவை சொன்னால் மொக்கச்சாமி நம்ப மாட்டார். இரண்டு தடவை சொன்னால், இவன் எதற்கு இரண்டு தடவை சொல்கிறான் என்று யோசிப்பார். சத்தியநேசன் மூன்று தடவை சொன்னான்.

அவன் ஐசக் கடை ஜீப்பை ஓட்டுகிறவன். போடியிலிருந்து மேலே அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போவான், இறங்கும்போது ஏலக்காய் மூட்டையோடு வருவான். அன்றைக்கு மூட்டையை இறக்கிப் போட்டதும் நேராக மொக்கச்சாமியின் தோட்டத்துக்கு வந்துவிட்டான். அவர் மடை மாற்றிக்கொண்டு நின்றார். மலை மேல் குண்டளையில் கட்டிக்கொடுத்திருக்கிற தங்கச்சி சுந்தரம்மாளுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, மச்சானைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அவள் புருஷன் ராக்கையா சொல்லிவிட்டிருக்கிறார் என்றான்.

மொக்கச்சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"இருக்காளா, போயிட்டாளா?"

"இருக்காங்க பெரியவரே. நேத்துக் காலையில நான் கண்ணால பாத்தேன். உக்காந்து கஞ்சி குடிச்சாங்க."

அந்தக் கஞ்சியில்தான் மொக்கச்சாமிக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று.

இந்தப் பக்கத்தில் சாவுச் செய்தியை உள்ளபடி சொல்லி யாரையும் வண்டி ஏற்ற மாட்டார்கள். பாதி வழியில் நெஞ்சடைத்து விழுந்தால் யார் பார்ப்பது? உடம்பு முடியவில்லை, உன்னைப் பார்க்கணும் என்கிறாள் என்றுதான் சொல்வார்கள். அதை அவரே செய்திருக்கிறார். பொட்டிபுரத்து மாமன் செத்த அன்றைக்கு, தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளைக் கூட்டிவரப் போனது இவர்தான். "ஒங்கப்பன் உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு, ஒன்னைத்தான் தேடுறாரு" என்று சொல்லி மாட்டு வண்டியில் ஏற்றினார். அப்பனுக்குப் பிடிக்குமே என்று அந்தப் பிள்ளை நார்த்தங்காய் ஊறுகாய்ச் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் பந்தல் தெரிகிற வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இந்தப் பயல் அதே கஞ்சியைத் தன் வாயிலேயே ஊற்றப் பார்க்கிறான். சத்தியநேசன் என்று பேர் வைத்துக்கொண்டவன் சத்தியமாகச் சொல்கிறேன் என்று வேறு நெஞ்சில் கை வைத்தான். சரி, விடியற்காலம் வர்றேன் என்று அவனை அனுப்பிவிட்டு மொக்கச்சாமி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். மடை நிரம்பி வழிந்து அடுத்த பாத்திக்குப் போனது. அதை அவர் அடைக்கவில்லை.

வீட்டில் பெண்டாட்டி ராக்குவிடம் சொன்னபோது அவளும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கோடிக்கு ஆக வேண்டியதைச் சொன்னாள். செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போய் விழ வேண்டும். விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். சேலையோடு குளிப்பாட்ட நல்லெண்ணெயும் சீயக்காயும் பிறந்த வீட்டிலிருந்துதான் போகணும். கொண்டு போகிறவன் வழியில் அதைத் தரையில் வைக்கக் கூடாது. ராக்கு தானே போயிருப்பாள், ஆனால் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினாலே குடல் வாய்க்கு வந்துவிடும் அவளுக்கு.

"ரெண்டு தைக்கும் அதுக்கு நாம ஒரு சீல குடுக்கல" என்று மட்டும் சொன்னாள்.

அது உண்மைதான். முன்னெல்லாம் பொங்கலுக்கு முந்தி சுந்தரம்மாளே இறங்கி வந்து, சீர் வாங்கிக்கொண்டு போவாள். முழங்கால் விட்டுப் போன பிறகு அவளால் முடியவில்லை. மேலே போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று ராக்கு சொல்லாத நாளில்லை. எவனிடம் கொடுப்பது? லாரிக்காரன் அவன் பொண்டாட்டிக்குக் கட்டிவிடுவான். ஜீப்புக்காரன் மெட்டுக்கு மேலே காசாக்கிவிடுவான். நாமே ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றால் மலையையும் மொக்கச்சாமி நம்பவில்லை. அப்படியே இரண்டு வருஷம் போய்விட்டது. அடுத்த பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

ஜவுளிக்கடையில் சேலையை எடுத்துப் போட்டுக்கொண்டே கடைக்காரர், நல்லதுக்குத்தானே என்று கேட்டார். மொக்கச்சாமி பதில் சொல்லவில்லை. கடைக்காரர் பலகை மேல் இருந்த மஞ்சள் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டார். நல்ல காரியத்துக்கு எடுக்கிற சேலை என்றால் முந்தி ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கட்டிக் கொடுப்பார். இதற்கு வைக்க மாட்டார். கட்டின புருஷன் இருக்கப் போனவள் என்பதால் அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்டது ஒன்றை மொக்கச்சாமி எடுத்தார். கோடிக்குப் பேரம் பேசக் கூடாது. சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான், தங்கச்சி செத்துப்போனாள் என்பது அவருக்கு உடம்பில் உறைத்தது. பேரம் பேசாமல் அவர் அதுவரைக்கும் ஒரு தீப்பெட்டிகூட வாங்கியதில்லை.

விடியற்காலம் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் முழுக்க அரிசி மூட்டை. மடியில் துணி மூட்டை. அது என்ன என்று சத்தியநேசன் கேட்டான். கோடி என்று சொன்னால் அரிசி லோடோடு அதை ஏற்ற மாட்டான், அல்லது இன்னொரு தடவை அந்தக் கஞ்சிக் கதையைச் சொல்லுவான்.

"பொங்கச் சீரு."

"பின்னால வையுங்க பெரியவரே. மூட்டைக்கு மேல பத்திரமா இருக்கும்."

"மடியிலயே இருக்கட்டும்."

சத்தியநேசன் சிரித்துக்கொண்டான். தங்கச்சி மேல் இவ்வளவு பாசமுள்ள மனுஷனைப் பற்றியா ஊரில் கல்லு என்று பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

முந்தலில் சமதளம் முடிந்தது. அதற்கப்புறம் வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் மூக்கு ஆகாயத்தில் நின்றது. கீழே போடி ஓட்டுவீடுகளும் கண்மாயுமாகச் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு புகைத்திட்டாக மிச்சமிருந்தது. மொக்கச்சாமி அதைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் எரிந்தது. கண்ணை மூடினால் இவன் எங்கே கொண்டுபோய் விடுவானோ. சத்தியநேசன் ஒரு கையில் பீடி பற்றவைத்தபோது, ரெண்டு கையையும் வைத்து ஓட்டச் சொன்னார்.

மெட்டில், ஏற்றம் முடிகிற இடத்தில், சோதனைச்சாவடி. பாஷை பார்த்து எல்லை பிரித்து இரண்டு மாசந்தான் ஆகியிருந்தது, மலை அந்தப் பக்க ராஜ்யத்துக்கே என்று முடிவாகிவிட்டது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த காவலாள், அரிசியை விட்டுவிட்டு மடியிலிருந்த மூட்டையைக் காட்டி "எந்தா இது?" என்றான். மொக்கச்சாமி கொடுக்க மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்தார். அதனாலேயே அவனுக்குச் சந்தேகம் வந்து, பிரிக்கச் சொல்லிவிட்டான். மடியில் வைத்தபடியே பிரித்தார். சேலை, எண்ணெய்ப் போத்தல், சீயக்காய்ப் பொட்டலம். பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு போகிறார் என்று சத்தியநேசன் எடுத்துச் சொன்னான். "பெங்ஙளுக்கா?" என்று, தங்கச்சிக்கா என்பதை அவன் பாஷையில் கேட்டுவிட்டுக் காவலாள் முகம் மலர்ந்தான். தன் கையாலேயே முடிச்சைப் போட்டுக் கொடுத்தான்.

ஒரே நாளில் ஒரே பொய்யை இரண்டு பேர் நம்பிவிட்டார்கள். மொக்கச்சாமிக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பூப்பாறையில் பாதி லோடை இறக்கி முடிக்க மத்தியானம் கழிந்துவிட்டது. வழியெல்லாம் ஏலச்செடி, மரத்தடி இருட்டு, ஈர வாசனை. சத்தியநேசனுக்கு வாய் சும்மா இருக்காது. பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். காஷ்மீரத்துச் சண்டையில் மலை மேல் ரொட்டியும் தோட்டாவும் ஏற்றிப் போனதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். இதெல்லாம் ஒரு மலையா பெரியவரே என்றான். அங்கே மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஐஸாம். ஆறு மாதிரி இரண்டு மலைக்கு நடுவில் படுத்துக் கிடக்குமாம். அதன் காலடியில் கரைந்து நிற்கிற ஏரித் தண்ணீர், துரிசு கரைத்துவிட்டது மாதிரி நீலமாக இருக்குமாம். அந்த ஐஸின் மேலேயே லாரி ஓட்டினானாம்.

ஐஸை மொக்கச்சாமி பார்த்திருக்கிறார். சித்திரைத் திருவிழாவில் மரத்தூளுக்குள் வைத்து விற்பார்கள். கையில் வாங்கி நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீராகிவிடும். அதன் மேல் லாரி ஓட்டினானாம்.

"அந்த ஐஸு நடக்கும் பெரியவரே. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கீழ கீழ நகந்துக்கிட்டே வரும். ஒரு நாள் எந்தக் காலத்துல செத்த ஆளோ, ஒரு ஆட்டுக்காரன, அதோட அடியில வெளிய தள்ளிருச்சு. அப்படியே இருந்தான். போத்தியிருந்த கம்பளியில ஒரு நூலு பிரியல."

மொக்கச்சாமி மூட்டையை இன்னும் இழுத்து அணைத்துக்கொண்டார். வாய் நிறையப் பொய் சொல்கிறவன், கஞ்சி விஷயத்தில் மட்டும் உண்மை சொல்லியிருப்பானா?

தேவிகுளம் தாண்டும்போது பொழுது இறங்கிவிட்டது. ரோட்டுக்குக் கீழே ஒரு குளம், சுற்றிலும் தேயிலை. மேகம் இறங்கித் தண்ணீரோடு படுத்துக் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியபோது பின்பக்கம் படாரென்று சத்தம். ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது. மெல்ல உருட்டிக்கொண்டு மூணாறு போய்ச் சேர்ந்தார்கள். காலையில் பட்டறைக்காரன் வந்துதான் மாட்ட முடியும் என்றான் சத்தியநேசன். கவலைப்படாதீங்க, நீங்க வர்ற வரைக்கும் அங்கே காத்துக்கிட்டிருப்பாங்க என்று ஆறுதல் சொன்னான்.

ஆமாம், காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். கோடி வராமல் எப்படித் தூக்குவது? வீட்டுக்கு நடுவில் கிடத்தி, கால் விரலைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, பிறந்த வீட்டான் இன்னும் வரவில்லையே என்று ஊரே வாசலில் உட்கார்ந்திருக்கும். ரெண்டு வருஷம் சீர் தராதவன் கோடியையும் நேரத்துக்குக் கொண்டுவரவில்லை என்று பேசும். கடை கோடவுனில் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள். மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் மொக்கச்சாமி சுவரில் சாய்ந்து, மடியில் அதைப் பிடித்தபடியே கிடந்தார். குளிர் பல்லைப் பிடுங்கியது.

மறுநாள் பட்டறைக்காரன் வெரசாகவே வந்து மாட்டிக் கொடுத்தான். வெயில் வராத வெளிச்சத்தில் புறப்பட்டார்கள். ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவில் சத்தியநேசன் வண்டியை நிறுத்தி, "எறங்கிப் பாருங்க" என்றான்.

புல்தரை வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பைத் தெளித்துவிட்டது மாதிரி. மொக்கச்சாமி இறங்கினார். காலடியில் மொறுமொறுவென்று நொறுங்கியது. குனிந்து நகத்தால் சுரண்டினார். மூட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ரோட்டோரப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர் மேல் விரலை வைத்தார். விரல் உள்ளே போகவில்லை. தட்டினார். கண்ணாடி மாதிரி ஒரு வில்லை பெயர்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உருகுகிறதா என்று பார்த்தபடி நின்றார். உருகவில்லை. விரல்தான் மரத்துப் போயிற்று.

அந்தப் பக்கம் மாட்டுப்பெட்டி ஏரி ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஓடைதான் ஓடியதாம், அணை கட்டி இப்படி ஆக்கிவிட்டார்களாம். மலைக்கு மேல் இத்தனை தண்ணீர், அதைத் தொட்டுக்கொண்டு ஐஸு. போடியில் போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவரே நம்பியிருக்க மாட்டார்.

வண்டி ஏறி, மரத்த விரலைத் துண்டில் தேய்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். அப்புறம் கேட்டார்.

"ஏப்பா. நெசமாவே கஞ்சி குடிச்சாளா?"

"மொதல்லயிருந்து அதைத்தானே சொல்றேன். உப்பில்லாம எந்த நாயி குடிக்கும்னு ராக்கையா தாத்தாவ வஞ்சாங்க. கிண்ணத்த அப்படியே கீழ வச்சிட்டாங்க. அப்புறம் ஆறுன பெறகு எடுத்துக் குடிச்சாங்க."

மொக்கச்சாமி அவன் பக்கம் திரும்பினார். சுந்தரம்மாள் சின்னப் பிள்ளையிலிருந்தே சூடாக எதையும் குடிக்க மாட்டாள். கோபத்தில் கீழே வைத்ததை ஆறின பிறகு யாரும் பார்க்காதபோது எடுத்துக் குடிப்பாள். அது இவனுக்கு எப்படித் தெரியும்? பார்த்திருந்தால்தான் தெரியும்.

அப்படியென்றால் இருக்கிறாள். அந்த நினைப்பு வந்தவுடன் மடியிலிருந்த மூட்டை கனத்தது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி எடுத்துக்கொண்டு போகிறேன். இதைவிட ஒரு கேடு கிடையாது. பகையாளிகூடச் செய்ய மாட்டான்.

குண்டளை அணைக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கினார். கரையை ஒட்டிய புல்லிலும் அதே வெள்ளை. ஏரி அசையாமல் கிடந்தது. மூட்டையைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். விட்டால் முடிந்தது. ஆனால் விட்டுவிட்டு அங்கே போய், அவள் செத்துக் கிடந்தால்? மூன்று நாளைக்கு முன்னால் கஞ்சி குடித்தவள் அதற்கப்புறம் சாகாமல் இருப்பாள் என்று யார் சொன்னது? வெறுங்கையோடு போய் நின்றால் அந்தப் பொணம் எப்படி நகரும்? கை கடுக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டே நின்றார். இருக்கிறாள் என்று நம்பவும் முடியவில்லை, போய்விட்டாள் என்று நம்பவும் முடியவில்லை. மேலே ஜீப் ஹாரன் அடித்தது. மூட்டையோடு ஏறி வந்துவிட்டார்.

ராக்கையாவின் மகன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். அவனுக்குக் கொடுத்த லயத்து வீட்டில்தான் எல்லாரும் இருந்தார்கள். ஏரிக்கு மேலே தேயிலைச் சரிவில் ஒரே கூரையாக நீண்ட வரிசை. ஜீப் நின்றதும் மொக்கச்சாமி காதைக் கொடுத்துக் கேட்டார். கொட்டுச் சத்தம் இல்லை. வாசலில் கூட்டம் இல்லை. ராக்கையா விறகு பிளந்துகொண்டிருந்தார். மூட்டையை முதல் தடவையாக மடியை விட்டு எடுத்து, தரையில் படாமல் இருக்கையின் மேல் வைத்து, அதன் மேல் ஒரு காலிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

வீட்டுச் சுவரோரம், வெயில் விழுகிற இடத்தில் சாக்கு விரித்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப் போய் மூக்கு மட்டும் மிச்சமிருந்தது. ஆனால் கண் அவளுடையதுதான்.

மொக்கச்சாமி கிட்டே போனார். அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கியா" என்றார்.

"இருக்கேன். ஏன், இருக்கக் கூடாதா? வந்ததும் வராததுமா என்னண்ணே இப்படி மொறைச்சுப் பாக்குறே?"

ராக்கையா கோடாலியை வைத்துவிட்டு வந்து மச்சானை வாங்க என்றார். பத்து நாளாக நெஞ்சில் சளி, காய்ச்சல், நேற்றிலிருந்துதான் கொஞ்சம் பரவாயில்லை என்றார். அண்ணனைக் கூட்டிவா என்று ஒரே பிடிவாதம், அதனால்தான் சொல்லிவிட்டேன் என்றார். மொக்கச்சாமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். முகத்தைத் துடைப்பது மாதிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயசு போன காலத்தில் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த அலுப்பு அப்போதுதான் ஒவ்வொரு மூட்டிலும் இறங்கியது.

அப்போது சத்தியநேசன் சிரித்த முகத்தோடு அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெரியவரு மறந்து வச்சிட்டு வந்துட்டாரு. அம்மா, போடியிலேருந்து மடிய விட்டு எறக்கல. ராத்திரி பூரா மடியில வச்சே கெடந்தாரு. பெத்த பிள்ளயக்கூட ஒருத்தன் அப்படித் தூக்கிட்டு வர மாட்டான். ஒங்களுக்குப் பொங்கச் சீரு."

மொக்கச்சாமி எழுந்திரிக்கப் பார்த்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அதற்குள் மூட்டை அவள் மடிக்குப் போய்விட்டது.

சுந்தரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு வருசங் கழிச்சு ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று முனகிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். சேலையை எடுத்து முகத்தில் வைத்துப் புதுத்துணி வாசனையை இழுத்தாள். பிறகு மடிப்பைத் தள்ளி, முந்தி ஓரத்தில் விரலை ஓட்டினாள். திருப்பி அடுத்த ஓரத்தைப் பார்த்தாள். மறுபடி முதல் ஓரத்துக்கு வந்தாள். மஞ்சள் இல்லை. அப்புறந்தான் மூட்டைக்குள் இருந்த மற்ற இரண்டையும் பார்த்தாள்.

ராக்கையா பார்த்துவிட்டார். மச்சானையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லெண்ண" என்றாள் சுந்தரம்மாள் மெதுவாக. "சீயக்கா."

"குளிச்சிட்டுக் கட்டிக்கிறதுக்குத்தானே" என்றான் சத்தியநேசன். அவன் வீட்டு வழக்கம் வேறு, அவனுக்கு இது தெரியாது.

"ஆமாப்பா. குளிப்பாட்டிட்டுக் கட்டுறதுக்கு."

மொக்கச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுவாள், அல்லது சேலையை முகத்தில் விட்டெறிவாள் என்று காத்திருந்தார்.

"நான் போயிட்டேன்னு ஒங்கிட்ட எவன் சொன்னது?"

"எவனுஞ் சொல்லல" என்றார். "உக்காந்து கஞ்சி குடிச்சேன்னு சொன்னான்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு. அது இருமலாகி, இருமல் அடங்காமல் ராக்கையா முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது. பொட்டிபுரத்து மாமன் மகள் ஊறுகாய்ச் சட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு அவளும் அந்தப் பந்தலில் இருந்தவள்தான்.

"கொண்டா தாயி" என்று மொக்கச்சாமி கையை நீட்டினார். "தண்ணியில விட்டுட்டு வந்துர்றேன். நாளைக்கே வேற எடுத்து அனுப்புறேன்."

"யாருகிட்டக் குடுத்து அனுப்புவே?"

நீட்டின கையை அவர் மடக்கிக்கொண்டார்.

அவள் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராக்கையாவிடம் ஒரு துண்டு மஞ்சளைக் கல்லில் உரசிக் கொண்டுவரச் சொன்னாள். வேணாம் புள்ள, ஆகாது என்று ராக்கையா தயங்கினார். எது ஆகாது என்று அவள் கேட்டாள். இது யாருக்கு எடுத்தது? எனக்கு. நான் இருக்கிறேனா? இருக்கிறேன். கடைக்காரன் வைக்காத மஞ்சளை நாம் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ராக்கையா வீட்டுக்குள் போனார். கல்லில் மஞ்சள் உரசுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு சிரட்டையில் கொண்டுவந்து வைத்தார்.

சுந்தரம்மாள் அதை அண்ணன் முன்னால் தள்ளினாள்.

"நான் வச்சா சீரு ஆகாது. நீ வை."

மொக்கச்சாமி சிரட்டையைப் பார்த்தார். ஒரு சொட்டு மஞ்சள். இதை வைத்தால் கோடி சீராகிவிடும் என்று எந்தக் கிறுக்கன் நம்புவான்? வைத்து, இவள் கட்டி, இன்றைக்கு ராத்திரியே போய்ச் சேர்ந்தால், அந்தப் பாவம் யார் தலையில்? வைக்காமல் எழுந்து போனால், இவள் கோடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம்புவதற்கு அங்கே எதுவுமே இல்லை, அவள் கண்ணைத் தவிர.

விரலை விட்டார். நேற்றிலிருந்து மூட்டையை இறுக்கிப் பிடித்த விரல், நேராக நிமிரவில்லை. வளைந்த விரலாலேயே தொட்டு, அவள் பிடித்துக் காட்டிய முந்தி ஓரத்தில் வைத்து அழுத்தினார். அது கொஞ்சம் இழுகிவிட்டது.

"இம்புட்டுப் பெரிசா எவன் வப்பான்" என்றாள் சுந்தரம்மாள். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.

கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தச் சேலை அவள் உடம்பில் இரண்டு சுற்றுக் கூடுதலாக நின்றது. அவ்வளவு இளைத்திருந்தாள். எண்ணெயை விளக்குக்கு எடுத்து வைத்துவிட்டதாகவும், சீயக்காயைத் தானே தேய்த்துக் குளிக்கப் போவதாகவும் சொன்னாள். ராக்கையா போட்டுக் கொடுத்த சோற்றை மொக்கச்சாமி பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் வைத்தார். சத்தியநேசன் கீழே இறங்குகிற லோடை ஏற்றிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தான்.

ஜீப் வரைக்கும் அவள் வந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோண்ணே. எனக்கு நீ இன்னமும் ஒண்ணு எடுக்கணும். அது வேற கணக்கு. அதுக்கு இப்ப அவசரம் ஒண்ணுமில்ல. இது கட்டிக் கிழியட்டும்."

மொக்கச்சாமி தலையை ஆட்டினார். அடுத்த தைக்கு வர்றேன் என்று அவர் வாயிலிருந்து வந்தது. அதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

இறங்குகிற வழியில் புல்லெல்லாம் பச்சையாக இருந்தது. காலையில் பார்த்த வெள்ளை ஒரு இடத்தில்கூட இல்லை. ஏரியில் வெயில் அடித்து வெறும் தண்ணீராகக் கிடந்தது. சத்தியநேசனுக்கு இப்போது விஷயம் தெரியும், ராக்கையா சொல்லியிருந்தார். அவன் ரொம்ப நேரம் ரெண்டு கையையும் வைத்து ஓட்டினான். அப்புறம் கேட்டான்.

"அடுத்த தடவ உண்மையிலேயே ஏதாச்சும் ஒண்ணுன்னா, நான் எப்படி வந்து சொல்லட்டும் பெரியவரே? ஒங்ககிட்ட எதச் சொன்னாலும் வம்பு."

மொக்கச்சாமி அதை யோசித்துப் பார்த்தார்.

"அந்த ஆட்டுக்காரன்" என்றார். "கம்பளியில ஒரு நூலுகூடப் பிரியலைன்னியே."

"ஆமா. நம்பவா போறீக?"

"இருக்கும்" என்றார்.

கை இரண்டும் மடியில், ஒன்றும் இல்லாத இடத்தைப் பிடித்தபடியே வளைந்திருந்தன. வண்டி பூப்பாறைப் பக்கம் திரும்புவதற்குள் அவர் தூங்கிப்போய்த் தலை சாய்த்துவிட்டார். சத்தியநேசன் ஒரு கையில் பீடி பற்றவைத்தான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் கிழவர் தலை அவன் தோளில் வந்து இடித்தது. அவன் அதைத் தள்ளிவிடாமல் மெட்டு இறங்கினான்.